மின்பணியாளர் பயிற்சியும் அவசர மருத்துவப் பயிற்சியும்

மின்பணியாளர் பயிற்சி என்பது வீடு, ஆலை, மின்பாதை ஆகியவற்றில் மின் இணைப்புகளை அமைக்கவும் பழுதுபார்க்கவும் கற்றுத்தரும் தொழிற்கல்வி. அவசர மருத்துவப் பயிற்சி, மருத்துவமனைக்கு வந்து சேரும்வரை ஒருவரின் உயிரைப் பிடித்துவைக்கக் கற்றுத்தருவது. தமிழ்நாட்டில் முன்னது வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறையைச் சார்ந்தது. பின்னது மருத்துவத் துறையைச் சார்ந்தது. இரண்டும் சந்திக்கும் இடம் மின்அதிர்ச்சி. இந்தியாவில் ஆண்டுக்கு 12,000-க்கும் மேற்பட்டோர் மின்சாரம் தாக்கி இறப்பதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அண்மைக்காலப் பதிவுகள் காட்டுகின்றன.

ஐ.டி.ஐ. பயிற்சி

மத்திய அரசு 1950-ல் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின்படி தொழிற்பயிற்சி நிலையங்கள் (ஐ.டி.ஐ.) நடக்கின்றன. எலக்ட்ரீஷியன் பிரிவு 2 ஆண்டுப் படிப்பு. 10-ம் வகுப்பு தேறியிருக்க வேண்டும். வயர்மேன் பிரிவுக்கு 8-ம் வகுப்பு போதும். முடித்தவர்கள் அகில இந்தியத் தொழிற்தேர்வு எழுதிச் சான்றிதழ் பெறுகிறார்கள். 1961-ம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டத்தின்கீழ் ஆலைகளில் அப்ரண்டிஸாகவும் சேரலாம். ஐ.டி.ஐ. பக்கமே போகாமல் மேஸ்திரியிடம் தொழில் பழகியவர்களுக்குத் தமிழ்நாட்டில் மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு இருக்கிறது. ஐ.டி.ஐ. மாணவர்களுக்கான பாடநூல்களைத் தமிழிலும் வெளியிடுவது, 1986-ல் ஜெர்மனியின் உதவியுடன் சென்னை கிண்டியில் அமைந்த தேசியப் பயிற்றூடக நிறுவனம்.

பயிற்சியின் தொடக்கம் வயர் சீவுவது. கத்தியைப் பென்சில் சீவுவதுபோல் சாய்த்துப் பிடிக்க வேண்டும். நேராக வைத்துச் சுற்றி அறுத்தால் உள்ளே செம்புக் கம்பியில் கீறல் விழும். பின்னாளில் அந்தக் கீறலில்தான் கம்பி முறியும். பிறகு கம்பி முடிச்சுகள்: பிரிட்டானியா ஜாயின்ட், மேரீட் ஜாயின்ட், டி ஜாயின்ட். கை பழகும்வரை இவற்றைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்வார்கள். அந்தத் திரும்பத் திரும்பச் செய்தல்தான் ஐ.டி.ஐ. கல்வியின் உயிர்.

மின்அதிர்ச்சி

‘கரண்ட் பிடித்து இழுத்துவிட்டது’ என்கிறோம். உண்மையில் இழுப்பது மின்சாரம் அல்ல. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், வினாடிக்கு 50 சுழற்சி. அது கை வழியாகப் பாயும்போது முன்கைத் தசைகள் இறுகி, விரல்கள் கம்பியைச் சுற்றி மூடிக்கொள்கின்றன. சுமார் 10 மில்லி ஆம்பியருக்கு மேல் போனால் விட நினைத்தாலும் கை விடாது. இன்னும் கூடினால் இதயத்தின் கீழறைகள் ஒழுங்காகத் துடிக்காமல் வெறுமனே நடுங்கத் தொடங்கும். இரத்த ஓட்டம் நின்றுவிடும். கசிவு மின்னோட்டத்தை உணர்ந்து இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கருவியை வீடுகளுக்கு 30 மில்லி ஆம்பியர் அளவில் வைப்பது இதனால்தான்.

காப்பாற்றப் போகிறவர் முதலில் மெயினை அணைக்க வேண்டும். முடியாவிட்டால் உலர்ந்த கட்டையால் கம்பியைத் தள்ள வேண்டும். உயர் அழுத்தப் பாதை என்றால் மின்சாரம் நிறுத்தப்படும்வரை அருகே போகவே கூடாது. அடிபட்டவரை மண்ணில் புதைத்தால் மின்சாரம் இறங்கிவிடும் என்ற நம்பிக்கை நாட்டின் சில பகுதிகளில் இன்னும் உண்டு. உடலில் மின்சாரம் தங்குவதே இல்லை. புதைக்கிற நேரம் முழுக்க வீண்.

மார்பு அழுத்தம் பிறந்த கதை

மின் தொழில் வளர வளர, கம்பத்தில் ஏறியவர்கள் செத்துக்கொண்டே இருந்தார்கள். 1920-களில் அமெரிக்க மின் நிறுவனங்கள் இதற்கு வழி கேட்டு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தை அணுகின. ஆய்வில் இறங்கியவர்களில் ஒருவர் வில்லியம் கௌவன்ஹோவன். அவர் மருத்துவர் அல்ல, மின்பொறியாளர். நடுங்கும் இதயத்தை இன்னொரு மின்வீச்சால் நிறுத்தி ஒழுங்குபடுத்தும் டிபிப்ரிலேட்டர் கருவியில் பல ஆண்டுகள் உழைத்தார். 1958-ல் அவருடைய குழுவைச் சேர்ந்த கை நிக்கர்பாக்கர், கருவியின் தட்டுகளை நாயின் மார்பில் அழுத்தும்போதே, மின்சாரம் பாய்ச்சும் முன்பே, இரத்த அழுத்தம் சற்று ஏறுவதைக் கவனித்தார். அந்தச் சிறு ஏற்றத்திலிருந்துதான், மார்பைக் கைகளால் அழுத்தி இரத்தத்தை ஓடவைக்கும் மார்பு அழுத்த முறை பிறந்தது. அறுவை மருத்துவர் ஜேம்ஸ் ஜூடையும் சேர்த்து மூவரும் 1960-ல் கட்டுரை வெளியிட்டார்கள். அதில் சொல்லப்பட்ட 20 நோயாளிகளில் 14 பேர் பிழைத்திருந்தார்கள்.

1967-ல் அமெரிக்காவின் ஜாக்சன்வில் நகரில் 4,160 வோல்ட் தாக்கி, இடுப்புப் பட்டையில் தலைகீழாகத் தொங்கிய மின்தொழிலாளிக்குச் சக தொழிலாளி கம்பத்திலேயே வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதினார். தொங்கியவர் பிழைத்தார். ராக்கோ மொராபிட்டோ எடுத்த அந்தப் படம் மறு ஆண்டு புலிட்சர் பரிசு பெற்றது.

108 மருத்துவ உதவியாளர்

தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் சேவை 2008 செப்டம்பரில் தொடங்கியது. நர்சிங், ஆய்வக நுட்பம், உயிரியல் சார்ந்த பட்டங்கள் படித்தவர்கள் மருத்துவ உதவியாளர்களாகச் சேர்கிறார்கள். வகுப்பறை, மருத்துவமனை, ஆம்புலன்ஸ் என மூன்று இடங்களில் பயிற்சி. இந்தத் தொழிலுக்குச் சட்ட அங்கீகாரம் தந்தது, துணைமருத்துவத் தொழில்களுக்கான 2021-ம் ஆண்டின் மத்தியச் சட்டம்.

மின்அதிர்ச்சியில் மேல்தோலில் ஒரு ரூபாய் நாணயம் அளவு கருகல்தான் தெரியும். உள்ளே தசை வெந்திருக்கும். அதனால் இவர்கள் மின்சாரம் நுழைந்த இடத்தோடு வெளியேறிய இடத்தையும் தேடுகிறார்கள். இதயத் துடிப்பைக் கண்காணிக்கிறார்கள். கம்பத்திலிருந்து விழுந்தவர் என்றால் கழுத்து அசையாமல் தூக்குகிறார்கள். மார்பு அழுத்தத்தைப் பொம்மை மேல் பழகுகிறார்கள்: 5 முதல் 6 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு.

இடைவெளி

நடுங்கும் இதயத்துக்கு ஒன்றும் செய்யாமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை 7 முதல் 10 சதவீதம் குறைக்கிறது. எவ்வளவு விரைந்து வந்தாலும் ஆம்புலன்ஸ் அந்த முதல் நிமிடங்களுக்குள் வருவது அரிது. அப்போது பக்கத்தில் நிற்பவர் இன்னொரு எலக்ட்ரீஷியன். மின்அதிர்ச்சிக்கான முதலுதவி அட்டையை ஆலைகளிலும் துணைமின் நிலையங்களிலும் மாட்ட வேண்டும் என்று 1956-ம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளே சொல்லின. அட்டை மாட்டுகிறார்கள். ஆனால் பல சுவர்களில் இன்னும் தொங்குவது, குப்புறப் படுக்கவைத்து முதுகை அமுக்கும் 1903-ம் ஆண்டின் ஷேஃபர் முறை. ஐ.டி.ஐ. பாடத்திட்டத்தில் முதலுதவி தொடக்க வாரங்களில் வருகிறது, அதோடு போய்விடுகிறது. முடிச்சை நூறு தடவை போடவைக்கும் பட்டறையில் மார்பு அழுத்தத்தையும் அதே கண்டிப்போடு பழக்க வேண்டும். செய்முறைத் தேர்வில் அதற்கு மதிப்பெண் தர வேண்டும். இருவராக வேலைக்குப் போனால் இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒருவருக்கு மட்டும் தெரிந்து, அடிபடுவது அவராக இருந்தால், அவருக்குச் செய்ய ஆளில்லை.