ஜொகூர் நீரும் தீவின் தாகமும்

பெருநாடு ஒன்றும் அதன் வாயிலில் அமைந்த சிறுதீவு ஒன்றும் முரண்பட்டு நின்ற வரலாற்றைப் பேசுவோர், அமெரிக்காவையும் கியூபாவையுமே முதலில் நினைவுகூர்வர். 1962 அக்டோபரில் ஏவுகணைகளின் பொருட்டு உலகமே அஞ்சி நின்றதை அனைவரும் அறிவர். அதிகம் பேசப்படாத நிகழ்ச்சி ஒன்றும் அவ்வரலாற்றில் உண்டு. கியூப மண்ணில் அமைந்த குவாண்டானாமோ அமெரிக்கக் கடற்படைத் தளத்திற்குச் சென்ற குடிநீரை, 1964 பிப்ரவரியில் பிடல் காஸ்ட்ரோவின் அரசு நிறுத்தியது. வல்லரசு கப்பல்களில் நீர் கொணர்ந்தது; பின்னர்க் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையை அங்கேயே நிறுவிக்கொண்டது. நீரை நிறுத்தியவர்களிடம் அதன்பின் அந்த ஆயுதம் எஞ்சவில்லை.

ஜொகூரில் வாழும் நமக்கு இஃது அயலார் கதையன்று. மலேசியா வல்லரசன்று; சிங்கப்பூரும் கியூபாவன்று. எனினும் பெருநிலமும் சிறுதீவும் அவற்றை இணைக்கும் குழாயுமாகிய அமைப்பு நமக்கு நன்கு பழகியதே.

1927-இல் ஜொகூர் சுல்தான் இப்ராகிமும் சிங்கப்பூர் நகராட்சியும் முதல் நீர் உடன்படிக்கையைச் செய்துகொண்டனர். கூனோங் பூலாயின் நீர் கடற்பாலத்தின் வழியே தீவை அடைந்தது. 1942 ஜனவரி 31-இல் பின்வாங்கிய பிரிட்டிஷ் படை பாலத்தைத் தகர்த்தபோது குழாயும் அறுந்தது. பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் சரணடைந்தது. அதற்குரிய காரணங்களுள் குடிநீர்த் தட்டுப்பாடும் ஒன்று. தீவு அந்தப் பாடத்தை மறக்கவில்லை.

1961, 1962-ஆம் ஆண்டுகளில் புதிய உடன்படிக்கைகள் இரண்டு பிறந்தன. பின்னதன்படி, 2061 வரை ஜொகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 25 கோடி கேலன் நீர் எடுக்கும் உரிமை சிங்கப்பூருக்கு உண்டு. விலை ஆயிரம் கேலனுக்கு 3 காசு. சுத்திகரித்த நீரில் ஒரு பகுதியை ஜொகூர் ஆயிரம் கேலனுக்கு 50 காசு விலையில் திரும்ப வாங்கலாம்.

1965 ஆகஸ்ட் 9-இல் சிங்கப்பூர் பிரிந்தது. பிரிவினை உடன்படிக்கை இவ்விரு நீர் உடன்படிக்கைகளுக்கும் உறுதியளித்தது. ஆயினும், சிங்கப்பூரின் வெளியுறவுக் கொள்கை மலேசியாவின் நலனுக்கு மாறானால் நீரை நிறுத்துவதாக அச்சுறுத்த இயலும் எனத் துங்கு அப்துல் ரஹ்மான் பிரிட்டிஷ் தூதரிடம் கூறியதாக லீ குவான் இயூ தம் நினைவுக்குறிப்புகளில் எழுதியுள்ளார்.

மனக்குறை இரு கரையிலும் உண்டு. மூன்று காசு நியாயமான விலையா என நம் தரப்பினர் கேட்கின்றனர். சுத்திகரிப்புச் செலவு 50 காசுக்கும் மிகுதி என்றும், 1987-இல் கோராத விலைச் சீராய்வை இனிக் கோரவியலாது என்றும் சிங்கப்பூர் மறுமொழி கூறுகிறது. இவ்வழக்கு நீண்ட காலத்தில் சிங்கப்பூர் 2003-இல் கழிவுநீரைத் தூய்மையாக்கிய ‘நியூவாட்டர்’ நீரையும், 2005-இல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையையும் தனதாக்கிக்கொண்டது. குவாண்டானாமோவில் நீர் நின்றபின் நேர்ந்தது, இங்கே நீர் நின்றுவிடுமோ என்னும் அச்சத்தினாலேயே நேர்ந்தது.

எனினும் வேறுபாடு ஒன்றை நாம் மறத்தலாகாது. நம் இரு நாடுகளும் சச்சரவுகளை ஏட்டிலும் மன்றத்திலும் தீர்க்கக் கற்றுக்கொண்டன. 2008-இல் பத்து பூத்தே தீவு குறித்த வழக்கில் அனைத்துலக நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீவு சிங்கப்பூருக்கும் அருகிலுள்ள நடுப்பாறைகள் மலேசியாவிற்கும் உரியவையாயின. 2011-இல் 1961-ஆம் ஆண்டு உடன்படிக்கை முடிவுற்றபோது, நீர் நிலையங்கள் அமைதியாக ஜொகூரிடம் ஒப்படைக்கப்பட்டன.

2020 மார்ச் 18-இல் பெருந்தொற்றினால் எல்லை அடைபட்டது. நாள்தோறும் வேலைக்குக் கடற்பாலம் கடந்த நம் மக்களுள் பலர் அக்கரையிலேயே தங்க நேர்ந்தது. பெற்றோர் ஒரு கரையிலும் பிள்ளைகள் மறுகரையிலுமாகப் பல தமிழ்க் குடும்பங்கள் திங்கள் கணக்கில் பிரிந்திருந்தன. மனிதர் கடக்கவியலாத அந்நாள்களிலும் நீர் கடந்துகொண்டேயிருந்தது.

இனி எதிர்நிற்கும் வினா விலையைப் பற்றியது மட்டுமன்று. 2016-இல் ஜொகூர் ஆற்றுக்கு நீர் வழங்கும் லிங்கியூ நீர்த்தேக்கம் கொள்ளளவில் ஏறத்தாழ 20 விழுக்காட்டிற்குத் தாழ்ந்தது. வற்றிய ஆற்றை எந்த உடன்படிக்கையாலும் பங்கிட இயலாது. 2061-இல் பேச்சுமேசையில் அமரப்போவோர் இன்று நம் பள்ளிகளில் பயிலும் பிள்ளைகளே. யார் யாரை அச்சுறுத்தினார் என்னும் கணக்கோடு, ஆற்றைக் காத்தவர் யார் என்னும் கணக்கையும் அவர்களிடம் நாம் ஒப்படைக்க வேண்டும்.