கோலார் தங்கவயல்: ஒரு நாள் பயணம்

பெங்களூருக்குப் போகும் நம்மவர்கள் கோலார் தங்கவயலுக்கு ஒரு நாளை ஒதுக்கலாம். ஊர் கர்நாடகத்தில், ஆனால் தெருவில் காதில் விழுவது பெரும்பாலும் தமிழ்தான்.

1880இல் ஜோன் டெய்லர் என்ற ஆங்கிலேயக் கம்பனி இங்கு தங்கம் தோண்டத் தொடங்கியது. 1902இல் சிவசமுத்திரம் நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் வந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீற்றருக்கும் ஆழமாகப் போனது. அதற்குள் இறங்கியவர்களில் பெரும்பாலோர் வடஆற்காட்டுப் பக்கமிருந்து வந்த தலித் தமிழர்கள். துரைமாருக்குப் பங்களா, இவர்களுக்கு லயன். எங்கள் மலையகத்தை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

2001 பெப்ரவரி 28இல் சுரங்கங்களை மூடினார்கள். இப்போது உள்ளே இறங்க முடியாது. துருப்பிடித்த இரும்புக் கோபுரங்களையும் பழைய பங்களாக்களையும் சயனைட் கழிவு மேடுகளையும் வெளியே நின்று பார்க்கலாம். மேடுகள் படத்துக்கு அழகுதான். காற்றடித்தால் அந்தத் தூள் பக்கத்து வீடுகளுக்குள் போகிறது. கம்பனி கட்டிய அந்த வீடுகளில் சனங்கள் இன்னும் இருக்கிறார்கள்.

மாரிக்குப்பம் வரை ரயில் ஓடுகிறது. காலையில் நெரிசல் எதிரே வரும் ரயிலில்தான். சுரங்கத் தொழிலாளரின் பிள்ளைகள் கூலி வேலைக்கும் கடை வேலைக்கும் பெங்களூர் போகிறார்கள். இருட்டிய பிறகுதான் வீடு திரும்புவார்கள்.