துபாஷியின் 25 ஆண்டுகள்: லினக்ஸில் கேம் ஓடத் தொடங்கிய கதை

2017ல் பாகம் பாகமாக வாங்கி நானே பூட்டிய கேமிங் கம்ப்யூட்டர் ஒன்று வீட்டில் இருக்கிறது. இன்டெல் ஏழாம் தலைமுறை ப்ராசஸர். விண்டோஸ் 11 ஏற்கும் பட்டியலோ பெரும்பாலும் எட்டாம் தலைமுறையில்தான் ஆரம்பிக்கிறது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ல் முடிந்தது. கிராபிக்ஸ் கார்டு இன்னும் தெம்பாக இருக்கும்போது பெட்டியைத் தூக்கிப் போட மனசு வரவில்லை. ஒரு சனிக்கிழமை, பத்தாவது படிக்கும் மகனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு லினக்ஸ் மின்ட் ஏற்றினேன்.

லினக்ஸ் எனக்குப் புதுசில்லை. பி.இ. படிக்கும்போது பத்திரிகையோடு வந்த சிடியில் இருந்து ஏற்றிப் பார்த்த ஆள்தான். அப்போதெல்லாம் கேம் என்றால் மறுபடி விண்டோஸில் பூட் செய்ய வேண்டும். லினக்ஸில் முயன்றால் கறுப்புத் திரைதான் மிச்சம். இந்தத் தடவை ஸ்டீமை நிறுவி, விண்டோஸ் கேம் ஒன்றை இறக்கி, 'ப்ளே' அழுத்தினேன். சாதாரணமாகத் திறந்தது. "என்னப்பா, அவ்ளோதானா?" என்றான் மகன். அவனுக்கு அது ஒன்றுமே இல்லை. எனக்கோ நடுவில் என்ன நடந்தது என்று தெரிந்தே ஆக வேண்டியிருந்தது. தேடிப் படித்ததன் சுருக்கம் இது.

லினக்ஸில் கேம் வர இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, ஒவ்வொரு கேமையும் லினக்ஸுக்கென்று மாற்றி எழுதுவது. 1998ல் ஸ்காட் டிரேக்கர் அமெரிக்காவில் தொடங்கிய லோக்கி சாஃப்ட்வேர் இதைத்தான் செய்தது. 'சிவிலைசேஷன்: கால் டு பவர்' அதன் முதல் கேம். வேலை சுத்தமான வேலை. வாங்கத்தான் ஆள் போதவில்லை. 2002 ஜனவரியில் கடையைச் சாத்திவிட்டார்கள்.

இரண்டாவது வழி துபாஷி வைத்துக்கொள்வது. கொஞ்சம் விளக்குகிறேன். விண்டோஸுக்கான ப்ரோக்ராமும் லினக்ஸுக்கான ப்ரோக்ராமும் ஒரே ப்ராசஸரில்தான் ஓடுகின்றன. வித்தியாசம், அவை உதவி கேட்கும் மொழியில். 'இந்தக் கோப்பைத் திற', 'இங்கே ஒரு முக்கோணம் வரை' என்று கேம் விண்டோஸிடம் கேட்கிறது. அந்தக் கேள்வியை நடுவில் வாங்கி, லினக்ஸுக்குப் புரிகிற மாதிரி சொல்லி, பதிலைத் திருப்பிக் கொடுத்தால் போதும். 1993ல் பாப் ஆம்ஸ்டாட் முதலானோர் ஆரம்பித்த 'வைன்' அதுதான். 1994 முதல் அலெக்ஸாண்டர் ஜூலியார்ட் அதை வழிநடத்தி வருகிறார். ஆரம்ப நாட்களில் அதில் ஓடியவற்றில் சாலிட்டேரும் ஒன்று. பதிப்பு 1.0 வந்தது 2008 ஜூனில்! 15 வருஷம் 'இன்னும் முடியவில்லை' என்று சொல்லிக்கொண்டே ஒரு கூட்டம் வேலை செய்திருக்கிறது.

துபாஷி வேண்டாம் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். அவர்கள் காட்டிய உதாரணம் ஐபிஎம்மின் ஓஎஸ்/2. 1992ல் அது விண்டோஸ் ப்ரோக்ராம்களை நன்றாகவே ஓட்டியது. அப்புறம் ஓஎஸ்/2வுக்கென்று யார் மெனக்கெட்டு எழுதுவார்கள்? லினக்ஸுக்கும் அதே கதி வரும் என்பது அவர்கள் பயம். நியாயமான பயம்தான்.

திருப்பம் 2012ல். ஸ்டீம் கடையை நடத்தும் வால்வ் நிறுவனத்தின் கேப் நியூவெல், மைக்ரோசாஃப்டில் 13 வருஷம் வேலை பார்த்தவர். விண்டோஸ் 8 தன் சொந்தக் கடையோடு வரவிருந்தபோதே, இது பிசி உலகத்துக்கே பேரழிவு என்று வெளிப்படையாகச் சொன்னார். அடுத்தவன் கட்டிடத்தில் கடை வைத்திருப்பவனின் பதற்றம் அது. 2013 பிப்ரவரியில் லினக்ஸுக்கு ஸ்டீம் வந்தது. 2015ல் லினக்ஸ் ஓடும் 'ஸ்டீம் மெஷின்'களும் வந்தன, விற்கவில்லை. காரணம் பழையதுதான்: கேம் இல்லை. முதல் வழி இரண்டாவது தடவையும் தோற்றது.

இந்த இடத்தில்தான் கதை எனக்குப் பிடித்துப்போனது. பிலிப் ரெபோலே என்பவருக்கு 'நியர்: ஆட்டோமேட்டா'வை லினக்ஸில் விளையாட ஆசை. அந்தக் கேம் டைரக்ட்3டி 11ல் படம் வரைவது. வைனுக்கு அந்தப் பகுதி அப்போது சரியாக வரவில்லை. டைரக்ட்3டி கட்டளைகளை, 2016ல் வெளியான வல்கனுக்கு மாற்றும் 'டிஎக்ஸ்விகே'யை அவர் தானே எழுதத் தொடங்கினார். 2018ன் தொடக்கத்திலேயே வால்வ் அவருக்குச் சம்பளம் கொடுக்க ஆரம்பித்தது. அதே ஆகஸ்டில் வைன், டிஎக்ஸ்விகே எல்லாம் சேர்ந்து 'புரோட்டான்' என்ற பெயரில் ஸ்டீமுக்குள் வந்தன. முதல் நாள் பட்டியலில் 27 கேம்கள்தான். 2022ல் இதே அடித்தளத்தில் ஸ்டீம் டெக் வெளியானது.

ஆக, ஜெயித்தது துபாஷி. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. லோக்கி காலத்தில் லினக்ஸுக்கென்றே செய்த கேமை இன்றைய லினக்ஸில் ஓட்டுவது பெரும்பாடு, நடுவில் லைப்ரரிகள் எல்லாம் மாறிவிட்டன. அதே காலத்து விண்டோஸ் கேம் பெரும்பாலும் வைனில் சுலபமாக ஓடும். பழைய வாக்குறுதியைக் காப்பாற்றுவதில் விண்டோஸ் காட்டிய பிடிவாதம்தான், விண்டோஸை விட்டு வெளியேறும் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. இருபது வருஷமாக சாஃப்ட்வேர் எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில், எனக்கு இதில் பாடம் இருக்கிறது.

கதை இங்கேயே முடிந்தால் சந்தோஷம். மகன் நண்பர்களோடு விளையாடும் ஆன்லைன் கேம் ஒன்று ஓடவில்லை. அதன் ஏமாற்றுத் தடுப்பு விண்டோஸ் கெர்னலுக்குள்ளேயே உட்காருவது. இங்கே அந்தக் கெர்னலே இல்லையே, துபாஷி யாரிடம் போய்ப் பேசுவார்? இது தொழில்நுட்பச் சிக்கல் மட்டுமில்லை, நிறுவனங்களின் முடிவும்கூட. லினக்ஸில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த 'ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ்' 2024 அக்டோபர் கடைசியில், ஏமாற்றுக்காரர்களைக் காரணம் காட்டி லினக்ஸை வெளியேற்றியது.

"என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் அங்கதானேப்பா இருக்காங்க" என்றான். 25 வருஷ வரலாற்றில் அதற்கு என்னிடம் பதில் இல்லை. நல்லவேளை, பழைய விண்டோஸ் டிஸ்க்கை அழிக்காமல் தனியாகக் கழற்றி வைத்திருந்தேன். அதை மறுபடி மாட்டிக் கொடுத்தேன், அந்த ஒரு கேமுக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு. மற்ற எல்லாம் லினக்ஸில்.

நீங்களும் மாறுவதாக இருந்தால், முதலில் வீட்டில் யார் எந்த கேம் ஆடுகிறார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். புரோட்டான்டிபி தளத்தில் ஒவ்வொன்றாகப் பாருங்கள். பழைய டிஸ்க்கை மட்டும் அவசரப்பட்டு ஃபார்மட் செய்துவிடாதீர்கள்.