'உடம்பைப் பார்த்துக்கோ' என்றால் என்ன அர்த்தம்? மதுரைத் தட்டிலிருந்து ஒரு செல்ஃப் கேர் கையேடு!

ஊரிலிருந்து அம்மா போன் பண்ணினால், பேச்சு எங்கெங்கோ சுற்றினாலும் முடிவது ஒரே இடத்தில்தான். "சாப்டியா? சரி, உடம்பைப் பார்த்துக்கோ... வச்சிர்றேன்." ரீல்ஸில் சீரமும் ஷீட் மாஸ்க்கும் காட்டி 'செல்ஃப் கேர்' என்று சொல்வதற்கு ரொம்ப காலம் முன்பே, நம் வீடுகளில் அதற்கு இருந்த பெயர் இதுதான். நாமும் "ம்... சரிம்மா" என்று சொல்லிவிடுகிறோம். அப்புறம் ராத்திரி 12 மணிக்கு பரோட்டா, 2 மணி வரை போன், காலையில் வெறும் டீயைக் குடித்துவிட்டு வேலைக்கோ காலேஜுக்கோ ஓட்டம்.

மதுரைக்கு 'தூங்கா நகரம்' என்று பெயர். ஊர் தூங்காமல் இருக்கலாம். உங்கள் உடம்பால் முடியாது. உடம்பு களைத்தால் மனசும் சேர்ந்தே களைக்கும். காசு அதிகம் செலவழிக்காமல், நம்ம ஊரில் கிடைப்பதை வைத்தே இரண்டையும் எப்படிப் பார்த்துக்கொள்வது? வாங்க, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

காலைச் சாப்பாட்டை கட் பண்ணாதீங்க

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது இதே மதுரையில்தான். ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில். உப்புமா, கிச்சடி, பொங்கல், கூடவே காய்கறி சாம்பார். வெறும் வயிற்றோடு வரும் குழந்தைக்குப் பாடம் ஏறாது என்பதுதான் அதன் அடிப்படை. ஏழு வயசுக் குழந்தைக்குப் பொருந்துவது இருபத்தேழு வயசு ஐ.டி. ஊழியருக்குப் பொருந்தாதா என்ன?

11 மணிக்கு வரும் எரிச்சல், தலைவலி, "யார் பேசினாலும் கடுப்பா இருக்கு" என்கிற மனநிலை... இதற்குப் பல நாள் காரணம் மேனேஜர் அல்ல, காலியான வயிறு. சமைக்க நேரமில்லையா? இரண்டு இட்லி, ஒரு அவிச்ச முட்டை, ஒரு வாழைப்பழம். ரூமில் தங்கியிருப்பவர்களுக்கும் இது சாத்தியம்தான்.

முதல் நாள் ராத்திரி சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தால் பழைய சோறும் ரெடி. மோர், சின்ன வெங்காயம் சேர்த்துக்கொள்ளலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: மதுரை வெயிலில் அது சீக்கிரம் புளித்துவிடும். வாடையோ பிசுபிசுப்போ மாறியிருந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

சாப்பாட்டுக்கும் மனசுக்கும் சம்பந்தம் இருக்கா?

இருக்கிறது. 2017-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர் ஃபெலிஸ் ஜாக்காவின் குழு ஒரு ஆய்வை வெளியிட்டது. மனச்சோர்வு உள்ள, சாப்பாடும் சரியில்லாத 67 பேர் அதில் கலந்துகொண்டார்கள். ஒரு பிரிவினருக்கு 12 வாரம் உணவு ஆலோசனை: பருப்பு, காய்கறி, முழுத்தானியம், மீன், கொட்டை வகைகள். இன்னொரு பிரிவினருக்குப் பேச்சுத்துணை மட்டும். முடிவில், உணவை மாற்றியவர்களில் சுமார் 32 சதவிகிதம் பேர் மனச்சோர்வு நிலையிலிருந்து மீண்டிருந்தார்கள். மற்ற பிரிவில் அது 8 சதவிகிதம்.

சின்ன ஆய்வுதான். அவர்களில் பெரும்பாலானோர் ஏற்கெனவே மருந்தோ கவுன்சலிங்கோ எடுத்துக்கொண்டிருந்தவர்கள். அதனால் "கீரை சாப்பிட்டால் டிப்ரஷன் போய்டும்" என்று யாராவது ஃபார்வர்ட் அனுப்பினால் நம்பாதீர்கள். சிகிச்சைக்கு நல்ல சாப்பாடு துணை நிற்கும். சிகிச்சையின் இடத்தைப் பிடிக்காது.

உளுந்தங்களியோடு முடிந்துபோகிற கவனிப்பு

மதுரைப் பக்கம் ஒரு பெண் வயசுக்கு வந்தால் வீடே அவளைக் கவனிக்கும். கருப்பு உளுந்தும் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் சேர்த்துக் கிண்டிய களி, முட்டை, அத்தை வீட்டுச் சீர் என்று தாங்குவார்கள். சில நாள்கள்தான். சடங்கு முடிந்த பிறகு? எல்லோருக்கும் பரிமாறிவிட்டு மிச்சத்தைச் சாப்பிடும் வரிசையில் அவளும் போய் நிற்பாள்.

இதன் விலை சின்னதல்ல. தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி (2019-21), தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. அதாவது, இரண்டு பேரில் ஒருவருக்கு மேல். படியேறினால் மூச்சு வாங்குவது, எப்போதும் அசதி, எதிலும் மனசு ஒட்டாமல் இருப்பது... இதையெல்லாம் "சோம்பேறி" என்று திட்டுவதற்கு முன், ரத்தத்தில் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்க்கலாம்.

பெண்களே, வீட்டில் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடுங்கள். ஆண்களே, அம்மாவும் தங்கச்சியும் தட்டில் போட்டாச்சா என்று பார்த்துவிட்டு ரெண்டாவது தோசைக்குக் கை நீட்டுங்கள். இதுவும் செல்ஃப் கேர்தான், வீட்டுக்கே சேர்த்து.

டீக்கு ஒரு மணி நேரம் டைம் கொடுங்க

சாப்பிட்ட கையோடு டீக்கடைக்குப் போவது நம்ம ஊர்ப் பழக்கம். ஆனால் டீ, காபியில் உள்ள டானின், சாப்பாட்டில் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள விடாமல் தடுக்கும். அதனால்தான் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2024 உணவு வழிகாட்டுதல், சாப்பாட்டுக்கு முன்பும் பின்பும் குறைந்தது ஒரு மணி நேரம் டீ, காபி வேண்டாம் என்கிறது.

வைட்டமின் சி இதற்கு நேர்மாறு. இரும்புச்சத்து உடம்பில் சேர அது கை கொடுக்கும். முருங்கைக்கீரைப் பொரியலோ தட்டைப்பயறுக் குழம்போ சாப்பிட்ட பிறகு ஒரு கொய்யா, இல்லையென்றால் பாதி நெல்லிக்காய். 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி இருக்கிறது. ஆரஞ்சை விடப் பல மடங்கு அதிகம், விலையும் குறைவு.

நம்ம மானாவாரிக் காட்டுத் தானியம்

மேலூர் பக்கம் பெரியாறு பாசனத்தில் நெல் என்றால், பேரையூர், தே.கல்லுப்பட்டி பக்கம் மழையை நம்பிய கரிசல் காடு. குதிரைவாலி, சோளம், கம்பு விளைகிற மண். இன்று 'மில்லட் பவுல்' என்று ஆப்பில் ஆர்டர் பண்ணுவதை, தாத்தா தலைமுறை கும்பாவில் கரைத்துக் குடித்தது.

* கம்பு: 100 கிராமில் சுமார் 6 மில்லிகிராம் இரும்புச்சத்து. தீட்டிய வெள்ளை அரிசியில் 1 மில்லிகிராம்கூட இல்லை.
* கேப்பை: 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம். கூழோ, முருங்கைக்கீரை போட்ட அடையோ, உங்கள் இஷ்டம்.
* குதிரைவாலி: சோறு மாதிரியே வடிக்கலாம். சாம்பார், ரசம் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

மூன்று வேளையும் மாற்ற வேண்டாம். வாரத்துக்கு மூன்று நாள், ஒரு வேளை போதும்.

ராத்திரிக் கடை: எதைச் சாப்பிடலாம்?

மதுரைக்காரர்களிடம் ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள். நிறுத்த வேண்டாம், தேர்ந்தெடுங்கள்.

* பரோட்டா: மைதாவும் எண்ணெயும்தான். நார்ச்சத்து ரொம்பக் குறைவு. எப்போதாவது சாப்பிட ஆசைப்பட்டால் 8 மணிக்கே போங்கள். எண்ணிக்கையைக் குறைத்து, முட்டை, வெங்காயம் சேர்த்துக்கொள்ளுங்கள்.
* நேரமாகிவிட்டதா? ஆவி பறக்கும் இட்லி போதும். முள்ளு முருங்கை வடை கிடைத்தால் பொடி தூவி ஒன்று.
* பருத்திப்பால்: பருத்தி விதையை ஊறவைத்து அரைத்துப் பாலெடுத்து, அரிசி மாவு, கருப்பட்டி, சுக்கு, ஏலக்காய் சேர்த்துக் காய்ச்சுவது. மாலையில் வடை, பஜ்ஜிக்குப் பதில் ஒரு டம்ளர் குடித்தால் வயிறு நிறையும். இனிப்பு இருப்பதால் சுகர் உள்ளவர்கள் அளவு பார்க்கணும்.
* ஜிகர்தண்டா: சுண்டக் காய்ச்சிய பால், பாதாம் பிசின், நன்னாரி சர்பத், ஐஸ்க்ரீம். அதைத் தாகத்துக்குக் குடிக்காதீர்கள். இனிப்பு என்று நினைத்து, எப்போதாவது ஒன்றை ரெண்டு பேர் பகிர்ந்து குடியுங்கள்.

சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது கழித்துப் படுங்கள். நெஞ்செரிச்சல் குறையும், தூக்கமும் நன்றாக வரும். பெரியவர்களுக்குத் தினமும் 7 மணி நேரத் தூக்கமாவது வேண்டும். நைட் ஷிஃப்ட் என்றால், பகலில் ஜன்னலுக்கு ஒரு கெட்டித் துணி, போன் சைலன்ட், வீட்டில் "இந்த நேரம் எழுப்பாதீங்க" என்று ஒரு வார்த்தை.

வெயிலுக்கு நீர்மோர், மனசுக்கு நடை

சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் ஊரெல்லாம் நீர்மோர், பானகப் பந்தல் போடுவார்கள். முன்பின் தெரியாதவருக்கும் கூப்பிட்டு டம்ளரைக் கொடுக்கிற ஊர் இது. அந்தப் பந்தலை உங்கள் பையிலும் போடுங்கள்: ஒரு பாட்டில் மோர், இரண்டு வெள்ளரிப்பிஞ்சு. வெயில் காலத்து அசதியும் தலைவலியும் பாதி, தண்ணீர் குறைவதால் வருவதுதான்.

அடுத்தது நடை. உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி. ஐந்து நாள், அரை மணி நேரம், அவ்வளவுதான். ஜிம் சந்தா வேண்டாம். வண்டியூர் தெப்பக்குளத்தை ஒருமுறை சுற்றினாலே ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஆகிவிடும். மீனாட்சி கோயிலைச் சுற்றியுள்ள சித்திரை வீதிகளில் வண்டி தொல்லை இல்லை. ஞாயிற்றுக்கிழமை என்றால் கீழக்குயில்குடி சமணர் மலை. அடிவாரத்தில் தாமரைக்குளம், ஆலமர நிழல். ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு நண்பரோடு போங்கள். மேஜைக்கு எதிரெதிரே உட்கார்ந்து சொல்ல முடியாதது, பக்கத்தில் நடக்கும்போது தானாக வாயில் வரும்.

வாரத்தில் ஒரு நாள் நல்லெண்ணெய், சீயக்காய்க் குளியல். எண்ணெய் தேய்த்த கையால் போனைத் தொட முடியாது. அதுவே பாதி லாபம்!

இதெல்லாம் செய்தும் சரியாகலையா?

"என்னாச்சு?" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல, டயர்டா இருக்கு" என்பதுதான் நம் வழக்கமான பதில். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் மனசு பாரமாகவே இருந்தால், பிடித்த எதுவும் பிடிக்காமல் போனால், தூக்கமும் பசியும் தலைகீழாக மாறினால், அது சாப்பாட்டாலும் நடையாலும் மட்டும் சரியாகிற விஷயமில்லை. டாக்டரைப் பார்க்க வேண்டிய நேரம்.

அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மனநலத்துக்காக மதுரையில் 1992 முதல் எம்.எஸ்.செல்லமுத்து அறக்கட்டளையும் இயங்கி வருகிறது. நேரில் போகத் தயக்கமா? 14416-க்கு போன் பண்ணுங்கள். டெலி மானஸ் என்கிற அரசு சேவை, 24 மணி நேரமும், இலவசமாக, தமிழிலேயே பேசலாம். 'வாழ்ந்து என்ன பண்ண' என்ற எண்ணம் ஒருமுறை எட்டிப் பார்த்தாலும் தள்ளிப்போடாமல் உடனே கூப்பிடுங்கள், பக்கத்தில் இருப்பவரிடமும் சொல்லுங்கள்.

மேலே சொன்ன எல்லாவற்றையும் திங்கட்கிழமையே தொடங்கினால் புதன்கிழமை விட்டுவிடுவோம். அது தெரிந்த கதைதான். அதனால் இந்த வாரம் ஒன்றே ஒன்று: சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவில் ஒரு மணி நேரம். அது பழகியதும் அடுத்ததைத் தொடுங்கள். அப்புறம், அந்த 14416-ஐ இப்போதே போனில் சேவ் பண்ணிவிடுங்கள். உங்களுக்குத் தேவைப்படாமல் போகலாம். ரூம்மேட்டுக்கு ஒருநாள் தேவைப்படலாம்.