உலாவித் தேர்வு

உலாவித் தேர்வு என்பது, இணையத்தைப் பார்க்கப் பயன்படும் மென்பொருளைப் பயனர் தாமே தீர்மானிப்பதையும், அதையொட்டி எழுந்த வணிக, சட்ட, தனியுரிமைச் சிக்கல்களையும் குறிக்கும். குரோம், சஃபாரி, எட்ஜ், ஃபயர்பாக்ஸ், ஓப்பரா, பிரேவ் எனப் பல உலாவிகள் இன்று புழக்கத்தில் உள்ளன. எல்லாமே இலவசம், பெரும்பாலானவற்றைச் சில நிமிடங்களில் நிறுவிவிடலாம். ஆயினும் கணினியோ கைபேசியோ வாங்கும்போது அதில் என்ன இருந்ததோ அதையே பெரும்பாலோர் கடைசிவரை பயன்படுத்துகிறார்கள். ஆகவே எந்தக் கருவியில் எது இயல்புநிலை உலாவியாக இருக்க வேண்டும் என்பதில் பெருநிறுவனங்கள் முப்பது ஆண்டுகளாகப் போட்டியிட்டு வருகின்றன. அமெரிக்கா, ஐரோப்பா, இந்தியா ஆகிய மூன்று இடங்களிலும் இது வழக்காகியிருக்கிறது. வங்கிக் கணக்கு, மருத்துவ அறிக்கை, வேலை விண்ணப்பம், நள்ளிரவில் யாரிடமும் கேட்க முடியாமல் தேடும் கேள்வி என அனைத்தும் உலாவி வழியாகவே கடக்கின்றன. அதனால் இத்தேர்வு வெறும் வசதி சார்ந்த விஷயம் அல்ல.

உலாவியும் எஞ்சினும்

உலாவியின் மையப்பகுதி எஞ்சின் எனப்படும். சேவையகத்திலிருந்து வரும் குறிமுறையைப் படித்து, அதை எழுத்தாகவும் படமாகவும் திரையில் வரைவது இதன் வேலை. பரவலாகப் புழங்கும் எஞ்சின்கள் மூன்றுதான்: கூகுளின் பிளிங்க், ஆப்பிளின் வெப்கிட், மொசில்லாவின் கெக்கோ. வெப்கிட்டிலிருந்து 2013இல் பிரிந்து வந்ததே பிளிங்க். குரோம் மட்டுமின்றி எட்ஜ், ஓப்பரா, விவால்டி, பிரேவ், சாம்சங் இன்டர்நெட் ஆகியவையும் பிளிங்க் எஞ்சின் கொண்ட குரோமியம் என்ற திறமூல அடித்தளத்தின்மீது கட்டப்பட்டவை. மைக்ரோசாஃப்ட்கூடத் தன் சொந்த எஞ்சினைக் கைவிட்டு, 2020 ஜனவரியில் குரோமியத்துக்கு மாறிய எட்ஜை வெளியிட்டது.

பெயர்கள் பல இருந்தாலும் அடித்தளம் ஒன்றாக இருப்பதன் விளைவு, உலாவியோடு கூடுதலாகச் சேர்க்கும் சிறு நிரல்களான நீட்சிகள் விஷயத்தில் தெளிவாகத் தெரிந்தது. நீட்சிகள் எப்படி இயங்கலாம் என்பதை வரையறுக்கும் விதிகளை மேனிஃபெஸ்ட் வி3 என்ற பெயரில் கூகுள் மாற்றியது. இதனால் விளம்பரங்களையும் கண்காணிப்பு நிரல்களையும் தடுப்பதில் பெயர்பெற்ற யுபிளாக் ஆரிஜின் நீட்சி, 2024 முதல் குரோமில் படிப்படியாக முடக்கப்பட்டது. திறன் குறைந்த லைட் வடிவமே அங்கு மிஞ்சியது. தனி எஞ்சினில் இயங்கும் ஃபயர்பாக்ஸில் பழைய வடிவம் தொடர்ந்து வேலை செய்கிறது.

வரலாறு

முதல் உலாவியை 1990இல் டிம் பெர்னர்ஸ்-லீ ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்தில் எழுதினார். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் உருவான மொசைக் 1993இல் வெளிவந்து, இணையத்தைப் பொதுமக்களிடம் கொண்டு சென்றது. அடுத்த ஆண்டு வந்த நெட்ஸ்கேப் நேவிகேட்டர் சந்தையைக் கைப்பற்றியது. 1995 ஆகஸ்டில் இன்டர்நெட் எக்ஸ்புளோரரை வெளியிட்ட மைக்ரோசாஃப்ட், பின்னர் அதை விண்டோஸுடன் இணைத்து இலவசமாகவே கொடுத்தது. கணினி வாங்கியவரின் திரையில் ஓர் உலாவி தயாராக இருக்கும்போது இன்னொன்றைத் தேடிப் போக அவருக்குக் காரணம் இல்லை.

அமெரிக்க நீதித்துறையும் பல மாநிலங்களும் 1998இல் மைக்ரோசாஃப்ட் மீது வழக்குத் தொடுத்தன. நிறுவனத்தை இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்று 2000 ஜூனில் நீதிபதி ஜாக்சன் உத்தரவிட்டார். மேல்முறையீட்டு நீதிமன்றம் 2001இல் அந்த உத்தரவை ரத்து செய்தது. ஆனால் மைக்ரோசாஃப்ட் சட்டவிரோத வழிகளில் ஏகபோகத்தைக் காத்துக்கொண்டது என்ற முடிவை உறுதிசெய்தது. அதற்குள் நெட்ஸ்கேப் வீழ்ந்துவிட்டது.

போட்டியில்லாத காலம் எப்படி இருந்தது என்பதற்கு ஒரு கணக்குப் போதும். இன்டர்நெட் எக்ஸ்புளோரரின் ஆறாம் பதிப்பு 2001இலும் ஏழாம் பதிப்பு 2006இலும் வந்தன. உலகின் இணையப் பயனர்களில் பத்தில் ஒன்பது பேர் பயன்படுத்திய மென்பொருள் ஐந்து ஆண்டுகள் அடுத்த பதிப்பே இல்லாமல் கிடந்தது. அந்தத் தேக்கத்தை உடைத்தது, நெட்ஸ்கேப் 1998இல் திறந்துவிட்ட மூலநிரலின் வழியில் உருவாகி 2004 நவம்பரில் வெளியான ஃபயர்பாக்ஸ். கூகுள் 2008 செப்டம்பர் 2 அன்று குரோமை வெளியிட்டது. அத்திட்டத்தை முன்னின்று நடத்தியவர், மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை. இன்று உலக அளவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குப் பயன்பாடு குரோமுடையது. இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கு மைக்ரோசாஃப்ட் 2022 ஜூன் 15 அன்று விடைகொடுத்தது.

நிறுவனங்களின் நெருக்குதல்

பயனரைத் தம் உலாவியில் நிறுத்திவைக்க நிறுவனங்கள் கையாளும் வழிகள் மூன்று: முன்கூட்டியே நிறுவித் தருவது, இயல்புநிலை இடத்தைப் பணம் கொடுத்து வாங்குவது, வேறொன்றுக்கு மாற முயல்பவரை இடையில் மறிப்பது.

மூன்றாவது வழிக்கு 2021இல் வந்த விண்டோஸ் 11 நல்ல சான்று. அதற்கு முந்தைய பதிப்பில் இயல்புநிலை உலாவியை ஒரே இடத்தில் மாற்றிவிடலாம். புதிய பதிப்பிலோ ‘எச்டிஎம்’, ‘எச்டிஎம்எல்’, ‘எச்டிடிபி’, ‘எச்டிடிபிஎஸ்’ என ஒவ்வொரு கோப்பு வகைக்கும் இணைப்பு வகைக்கும் தனித்தனியே மாற்ற வேண்டியிருந்தது. மாற்ற முனைந்தால், அதற்குமுன் எட்ஜை ஒருமுறை பாருங்கள் என்று ஒரு பெட்டி எழுந்தது. கடும் எதிர்ப்புக்குப் பின் 2022இல் ஒரே பொத்தான் திரும்பி வந்தது. குரோமைப் பதிவிறக்கச் செல்பவருக்கு எட்ஜிலேயே இருக்கச் சொல்லும் அறிவிப்புகளும் காட்டப்பட்டன. கூகுளும் தன் தேடல் பக்கத்திலும் மின்னஞ்சல் பக்கத்திலும் குரோமுக்கு மாறும்படி பிற உலாவிப் பயனர்களை அழைத்துவந்திருக்கிறது. ஐபோனில் இயல்புநிலை உலாவியை மாற்றும் வசதியே 2020இல்தான் வந்தது. பெரும்பாலான நாடுகளில் இன்றும் ஐபோனின் எல்லா உலாவிகளும் வெப்கிட் எஞ்சினில் இயங்க வேண்டும் என்பதே ஆப்பிளின் விதி.

இயல்புநிலை இடத்தின் விலை என்ன என்பது, கூகுள் மீது அமெரிக்க அரசு தொடுத்த வழக்கில் வெளியானது. சஃபாரியில் தன் தேடுபொறியே இயல்புநிலையாக இருப்பதற்கு 2022இல் மட்டும் ஆப்பிளுக்கு கூகுள் கொடுத்த தொகை 2,000 கோடி டாலர். தேடல் சந்தையில் கூகுள் ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகக் காத்துக்கொண்டது என்று 2024 ஆகஸ்டில் நீதிபதி அமித் மேத்தா தீர்ப்பளித்தார். குரோமை விற்கச் சொல்லும் அரசின் கோரிக்கையை 2025 செப்டம்பரில் அவர் ஏற்கவில்லை. பிறரை விலக்கும் பிரத்தியேக ஒப்பந்தங்களுக்குத் தடை விதித்தார். மக்கள் தாமே மாற்றிக்கொள்வார்கள் என்றால், இயல்புநிலை இடத்துக்கு இவ்வளவு பணத்தை யாரும் கொட்டமாட்டார்கள்.

தேர்வுத் திரை

நார்வேயின் ஓப்பரா நிறுவனம் 2007 டிசம்பரில் ஐரோப்பிய ஆணையத்திடம் மைக்ரோசாஃப்ட் மீது புகார் கொடுத்தது. அதன் விளைவாக, 2010 மார்ச் முதல் ஐரோப்பாவின் விண்டோஸ் கணினிகளில் ஒரு திரை தோன்றியது. அதில் 12 உலாவிகளின் பெயர்கள் இருந்தன. பயனர் தமக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். அதே ஆண்டு நவம்பருக்குள் இத்திரை வழியாக 8.4 கோடி உலாவிகள் பதிவிறக்கப்பட்டன. ஆனால் 2011 மே முதல் 2012 ஜூலை வரை விண்டோஸ் 7இன் ஒரு புதுப்பிப்பில் இத்திரை காணாமல்போனது. தொழில்நுட்பப் பிழை என்று மைக்ரோசாஃப்ட் விளக்கியது. சுமார் 1.5 கோடிப் பேர் அதைப் பார்க்கவே இல்லை என்று கண்ட ஆணையம், 2013 மார்ச்சில் 56.1 கோடி யூரோ அபராதம் விதித்தது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சந்தைகள் சட்டத்தின்படி, 2024 மார்ச் முதல் ஐபோனிலும் ஆண்ட்ராய்டிலும் தேர்வுத் திரை கட்டாயமாயிற்று. ஆப்பிளின் திரை வடிவமைப்பு சரியில்லை என்று ஆணையம் விசாரணை தொடங்கியது. ஆப்பிள் அதைத் திருத்திய பின் 2025 ஏப்ரலில் விசாரணை முடித்துவைக்கப்பட்டது. இந்தியப் பயனர்களுக்கு இத்திரை கிடையாது.

தனியுரிமை

உலாவி வழிக் கண்காணிப்பின் பழைய கருவி குக்கி. 1994இல் நெட்ஸ்கேப் பொறியாளர் லூ மொன்டுல்லி இதை உருவாக்கியது, தளம் தன் பயனரை நினைவில் வைத்துக்கொள்வதற்காக. விளம்பரத் துறையின் கையில் இது வேறு வேலைக்குப் போனது. ஒருவர் காலையில் ஒரு செய்தித் தளத்தைத் திறக்கிறார். பக்க ஓரத்து விளம்பரப் பெட்டி செய்தித் தளத்திலிருந்து வருவதில்லை. விளம்பர நிறுவனத்தின் சேவையகத்திலிருந்து வருகிறது. வரும்போதே தனி எண் கொண்ட குக்கி ஒன்றை உலாவியில் வைத்துவிடுகிறது. மதியம் அவரே வேறொரு தளத்தில் சர்க்கரை நோயாளிக்கான உணவு முறையைப் படிக்கிறார். அங்கும் அதே நிறுவனத்தின் பெட்டி இருக்கிறது. உலாவி அந்த எண்ணைத் திருப்பி அனுப்புகிறது. பெயர் தெரியாவிட்டாலும், காலையில் செய்தி படித்தவரும் மதியம் உணவு முறை பார்த்தவரும் ஒருவரே என்பது அந்நிறுவனத்துக்குத் தெரிந்துவிடுகிறது.

இத்தகைய மூன்றாம் தரப்புக் குக்கிகளை சஃபாரி 2020 மார்ச்சில் முழுமையாகத் தடுத்தது. ஃபயர்பாக்ஸ் 2022 ஜூன் முதல் ஒவ்வொரு தளத்தின் குக்கியையும் தனித்தனியே அடைத்துவைக்கிறது. இரண்டு ஆண்டுகளில் அவற்றை ஒழிப்பதாக 2020இல் அறிவித்த கூகுள், பலமுறை தள்ளிப்போட்டு 2024 ஜூலையில் அத்திட்டத்தைக் கைவிட்டது.

குக்கியைத் தடுத்தாலும் வேறு வழி உண்டு. திரை அளவு, எழுத்துருக்கள், நேர மண்டலம், உலாவிப் பதிப்பு போன்ற விவரங்களைச் சேர்த்தே ஒருவரை அடையாளம் காணலாம். இது உலாவிக் கைரேகை எனப்படும். அமெரிக்காவின் எலெக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் 2010இல் வெளியிட்ட ஆய்வில், சோதித்த உலாவிகளில் 83.6 விழுக்காடு தனித்தன்மை கொண்டிருந்தன.

உலாவிகளின் மறைநிலைச் சாளரம் குறித்தும் தவறான நம்பிக்கை பரவியுள்ளது. அந்தச் சாளரம் கணினியில் வரலாற்றைச் சேமிப்பதில்லை, அவ்வளவே. இணையச் சேவை நிறுவனத்துக்கும், செல்லும் தளத்துக்கும், அதிலுள்ள கண்காணிப்பு நிரலுக்கும் பயனரின் வருகை தெரியும். குரோமின் மறைநிலை தொடர்பாக 2020இல் தொடுக்கப்பட்ட வழக்கில், நூற்றுக்கோடிக் கணக்கான பதிவுகளை அழிக்க 2024இல் கூகுள் ஒப்புக்கொண்டது.

உலாவி தன் நிறுவனத்துக்கே அனுப்பும் தகவலும் கவனத்துக்குரியது. டப்ளின் டிரினிட்டி கல்லூரியின் டக்ளஸ் லீத் 2020இல் ஆறு உலாவிகளை ஒப்பிட்டார். பிரேவ் மிகக் குறைவான தகவலையே அனுப்பியது. குரோம், ஃபயர்பாக்ஸ், சஃபாரி நடுவில் நின்றன. எட்ஜும் யாண்டெக்ஸும் கணினி வன்பொருளுடன் பிணைந்த அடையாள எண்களை அனுப்பின.

இந்தியாவில்

குறைந்த விலைக் கைபேசிகளில் பெருவாரியாகப் பயன்பட்ட யுசி பிரவுசர், பயனரின் இருப்பிடம், தேடல் சொற்கள் முதலியவற்றைத் தக்க பாதுகாப்பின்றி அனுப்புவதாக டொராண்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் 2015இல் கண்டறிந்தது. 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு தடைசெய்த 59 சீனச் செயலிகளில் அதுவும் ஒன்று. இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் கூகுளுக்கு ₹1,337.76 கோடி அபராதம் விதித்தது. குரோம் உள்ளிட்ட செயலிகளை மொத்தமாக நிறுவும்படி கைபேசித் தயாரிப்பாளர்களைக் கட்டாயப்படுத்தியது அதன் காரணங்களுள் ஒன்று. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோ, தனியுரிமையை முன்னிறுத்தி உலா என்ற உலாவியை 2023 மே மாதம் வெளியிட்டது. மத்திய அரசின் உள்நாட்டு உலாவிப் போட்டியில் அது 2025 மார்ச்சில் முதல் பரிசான ₹1 கோடியைப் பெற்றது. அதுவும் குரோமியத்தின்மீது எழுந்ததே.

தேர்ந்தெடுக்கும் அளவுகோல்கள்

முதலில் கேட்க வேண்டியது, உலாவியை நடத்துபவருக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பது. கூகுளின் வருமானத்தில் பெரும்பகுதி விளம்பரம். மொசில்லாவின் வருமானத்தில் பெரும்பகுதி, கூகுள் தேடலை இயல்புநிலையாக வைப்பதற்குக் கிடைப்பது. முற்றிலும் கறைபடாத உலாவி எதுவும் இல்லை; ஆனால் யாருடைய நலன் பயனரின் நலனோடு அதிகம் மோதுகிறது என்பதை இக்கேள்வி காட்டிவிடும். இரண்டாவது, எந்த அமைப்பையும் தொடாமலே அது எதையெல்லாம் தடுக்கிறது என்பது. மூன்றாவது, பாதுகாப்புப் புதுப்பிப்புகள் தொடர்ந்து வருகின்றனவா என்பது. புதுப்பிப்பு நின்றுபோன உலாவி, எவ்வளவு நல்ல பெயர் எடுத்திருந்தாலும் ஆபத்தானது. நான்காவது, வெளியேறும் வசதி. புத்தகக்குறிகளையும் கடவுச்சொற்களையும் எடுத்துச் செல்ல முடிய வேண்டும்.

கணினியில் ஃபயர்பாக்ஸும் யுபிளாக் ஆரிஜினும் சேர்ந்தது பெரும்பாலோருக்குப் பொருத்தமான தேர்வு. குரோமியம்தான் வேண்டும் என்பவர்களுக்கு பிரேவ் அல்லது விவால்டி உண்டு. உயிருக்கோ வேலைக்கோ ஆபத்துள்ள செய்திகளைக் கையாளும் பத்திரிகையாளர்களுக்கும் செயற்பாட்டாளர்களுக்கும், இணைப்பைப் பல கணினிகள் வழியாகச் சுற்றி அனுப்பும் டார் உலாவியே ஏற்றது. வேகம் குறைவு என்பது அதற்குத் தரும் விலை. அலுவலகம் ஓர் உலாவியைக் கட்டாயமாக்கியிருந்தால், சொந்த வேலைகளுக்கு இன்னொன்றைத் தனியே வைத்துக்கொள்ளலாம்.

ஆண்ட்ராய்டு கைபேசியில் இயல்புநிலை உலாவியை மாற்ற, ‘அமைப்புகள்’ பகுதியில் ‘ஆப்ஸ்’, பிறகு ‘இயல்புநிலை ஆப்ஸ்’ என்று சென்றால் போதும். ஒரு நிமிடம்கூட ஆகாது. தேர்வுத் திரையை நம் அரசு கொண்டுவரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் கைபேசியில் உள்ள உலாவி நீங்கள் தேர்ந்தெடுத்ததா, உங்களுக்காக வேறு யாரோ தேர்ந்தெடுத்ததா என்று இன்றே பாருங்கள். வீட்டில் மூத்தவர்கள் இருந்தால் அவர்களுடையதையும் சேர்த்துப் பார்த்து மாற்றிக்கொடுங்கள்.