யார் தேர்ந்த கயிறு?

ஒரகடத்துக்கு அருகிலுள்ள வடக்குப்பட்டில் இந்தியத் தொல்லியல் துறையினர் 2022ஆம் ஆண்டு அகழாய்வு நடத்தினர். கற்கால மக்கள் செதுக்கிய கல் கருவிகள் அங்கே வெளிப்பட்டன. திருப்பெரும்புதூர் தொடங்கி ஒரகடம் வரை ஆலைக் கூரைகள் மட்டுமே கண்ணில் படும் இப்பகுதியில், மண்ணைச் சிறிது விலக்கினால் இத்துணைப் பழமை கிடக்கிறது என்பது நம்மவரில் பலருக்கும் வியப்பாகவே இருந்தது.

கல் நிலைத்துவிட்டது. அக்கல்லைக் கோலோடு பிணைத்த நாரும், அம்மக்கள் மரமேறவும் சுமையிழுக்கவும் திரித்திருக்கக்கூடிய கயிறும் நிலைப்பதில்லை. மண் அவற்றைத் தின்றுவிடும். கயிற்றின் வரலாற்றைத் தேடப் புகுவோருக்கு முதல் இடர் இதுவே. எனினும் எப்போதாவது ஓர் அருந்துண்டு தப்பிவிடுவதுண்டு. பிரான்சு நாட்டில் ஆப்ரி டு மாரா என்னும் பாறை நிழலில் கிடைத்த கல் கருவி ஒன்றில், ஏறத்தாழ ஆறு மில்லிமீட்டர் நீளமேயுள்ள நார்த்துணுக்கு ஒட்டியிருந்ததாக 2020இல் ஆய்வாளர் அறிவித்தனர். மரப்பட்டையின் உள்நாரைக் கொண்டு நியாண்டர்தால் மாந்தர் நாற்பதாயிரம் ஆண்டுகளுக்கும் முன்னே திரித்த கயிறு அது. அதில் இருந்தவை மூன்று புரிகள்! முப்புரிக் கயிற்றின் உறுதியைச் சபை உரையாளர் பேசுவதற்கு எத்தனையோ காலம் முன்னரே மானிடக் கை அவ்வுண்மையைக் கண்டுகொண்டிருந்தது.

கயிற்றைப் பற்றி நாம் எண்ணத் தலைப்பட்டதற்குக் காரணம் வேறு. ஒரு ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலி முடிந்ததும் இளைஞர் ஒருவர் சாக்குப்பையோடு நம்மைக் காண வந்தார். ஆலைக் கூரைகளுக்கு வண்ணம் பூசும் ஒப்பந்தக் கூலி வேலை அவருடையது. உயரத்தில் நிற்போர் உடலில் பூட்டிக்கொள்ளும் பாதுகாப்புப் பட்டையும், அதோடு இணைந்த கயிறும் பையில் இருந்தன. பட்டையின் நிறம் வெளுத்து, ஓரங்களில் நூல் பிரிந்து மயிர் போல் நீட்டிக்கொண்டிருந்தது.

“சாமி, இது இன்னும் தாங்குங்களா? மேஸ்திரி நல்லாத்தான் இருக்குதுன்னு சொல்றாரு” என்றார்.

குருமடத்தில் நமக்கு இதைக் கற்பித்தார் இல்லை. நான்கு நாள் பொறுக்குமாறு சொல்லி அனுப்பிவிட்டு, மலையேறுவோர் தம் கயிறுகளைப் பற்றி எழுதியவற்றைப் படிக்கத் தொடங்கினோம். உயிரைக் கயிற்றிடம் ஒப்படைத்து, பிழைகளின் வழியே மிகுதியாகக் கற்றவர்கள் அவர்களே அல்லவா?

அவர்களுடைய வரலாற்றில் மறக்கவொண்ணாத நாள் 1865 ஜூலை 14. சுவிட்சர்லாந்துக்கும் இத்தாலிக்கும் இடையே எழுந்து நிற்கும் மாற்றர்ஹார்ன் சிகரத்தை, 4,478 மீட்டர் உயரத்தை, எழுவர் முதன்முறையாக எட்டிய நாள் அது. அவர்களுள் எட்வர்டு விம்பர் என்ற ஆங்கிலேயரும், சார்லஸ் ஹட்சன் என்ற ஆங்கிலிக்கன் குருவும், பீட்டர் டௌக்வால்டர் என்ற உள்ளூர் வழிகாட்டியும் அவர் மகனும் இருந்தனர். இறங்கும்போது அனுபவமற்ற இளைஞர் ஒருவரின் கால் வழுக்கியது. அவர் முன்னே சென்றவர்மேல் விழ, பின்னிருந்த இருவரும் இழுபட்டனர். முதிய டௌக்வால்டரும் விம்பரும் பாறையைப் பற்றிக்கொண்டு தாங்க முயன்ற அக்கணத்தில், டௌக்வால்டருக்கு முன்னே கயிறு அறுந்தது. நால்வர் மாண்டனர். எஞ்சிய மூவரும் அறுந்த கயிற்றினாலேயே பிழைத்தனர். அது அறாதிருந்தால் எழுவரும் போயிருக்கவுங்கூடும்.

ஆனால் ஊர் வாய் சும்மா இருக்குமா? டௌக்வால்டர் கயிற்றை அறுத்துவிட்டார் என்றனர் சிலர். அறுக்கவில்லை, வேண்டுமென்றே நைந்த கயிற்றைத் தேர்ந்தெடுத்தார் என்றனர் வேறு சிலர். விம்பர் பின்னர் கயிற்றைப் பார்வையிட்டபோது, அவர்கள் கொண்டுசென்ற மூவகைக் கயிறுகளில் மிகப் பழையதும் மிக மெலிந்ததும் அதுவே என்று தெரிந்தது. தேவைப்பட்டால் பாறையில் விட்டுவிட்டு வரலாம் என்று எடுத்துச் சென்ற கயிறு அது. விம்பரின் நாட்டு மலையேற்றக் கழகம் அதற்கு முந்தைய ஆண்டிலேதான், 1864இல், குழு அமைத்துக் கயிறுகளைச் சோதித்து, வாழை இனத்தைச் சேர்ந்த அபாகாவின் நாரினாலாகிய மணிலாக் கயிறு முதலியவற்றைப் பரிந்துரைத்திருந்தது. அவ்வாறு தேர்ந்த வலிய கயிறும் அன்று அவர்களிடம் இருந்தது. முன் சென்றோரைப் பிணைத்தபோதே அது தீர்ந்துபோயிருக்கலாம் என்று கருதுவோரும் உண்டு. விசாரணை மன்றம் டௌக்வால்டரைக் குற்றமற்றவர் என்றது. ஆயினும் ஐயம் அவரை விட்டபாடில்லை. அறுந்த துண்டு இன்றும் செர்மாட் ஊரின் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் இருக்கிறது.

நமக்கு இவ்வரலாற்றில் உறுத்துவது ஒன்று. அன்று கயிற்றின் முனையில் தொங்கியவர்களுள் யாரும், எந்தக் கயிறு தம்மைப் பிணைத்திருக்கிறது என்று கேட்டதாகத் தெரியவில்லை.

திரு அவைக்கும் மலையேற்றத்துக்கும் என்ன தொடர்பு என வாசகர் வினவலாம். பிற்காலத்தில் திருத்தந்தை பதினோராம் பத்திநாதராக விளங்கிய அக்கில்லே ராத்தி, இளங்குருவாக இருந்தபோது தேர்ந்த மலையேறியாகத் திகழ்ந்தார். 1889 ஜூலை இறுதியில், தம் 32ஆம் வயதில், நண்பரான மற்றொரு குருவோடும் இரு வழிகாட்டிகளோடும் மாக்குஞ்ஞாகா ஊர்ப் பக்கமிருந்து 4,634 மீட்டர் உயரமுள்ள மோந்தே ரோசாவில் ஏறினார். இரவை வெட்டவெளியில், குறுகிய பாறை விளிம்பில் கழித்தார். நால்வரின் இடுப்பையும் இணைத்திருந்தது அக்காலத்து நார்க்கயிறே. திருத்தந்தையான பின் 1923இல், ஆல்ப்ஸ் கணவாயில் வழிப்போக்கரைக் காக்க விடுதி கண்ட புனித பெர்நார்தை மலையேறுவோரின் பாதுகாவலராக அறிவித்ததும் அவரே. கயிற்றின் ஒரு முனையில் நின்று மற்றவர் எடையை உணர்ந்த கைதான் அவ்வறிக்கையில் ஒப்பமிட்டது என்று நினைக்க நமக்குப் பிடிக்கிறது.

நார்க்கயிற்றின் குறை அதன் வலிமையில் மட்டுமன்று. அது நீளாது. விழும் உடலின் வேகத்தை வாங்கிக்கொள்ளாமல், ஒன்று உடலை முறிக்கும், இல்லையேல் தானே அறும். நனைந்தால் விறைக்கும், உள்ளே அழுகினாலும் வெளியே காட்டாது. ஆகையால் முன்னே ஏறுபவர் விழவே கூடாது என்பதே அக்கால விதியாக இருந்தது. 1935இல் அமெரிக்காவில் வாலஸ் கரோதர்ஸ் நைலானை உருவாக்கினார். இரண்டாம் உலகப் போரில் பிலிப்பைன்ஸ் ஜப்பான் வசமாகி மணிலா நார் வரத்து நின்றபோது, நைலான் கயிறுகள் பெருகின. அவை நீண்டு கொடுத்து வீழ்ச்சியைத் தாங்கின; எடையும் குறைவு. 1953இல் எடெல்ரிட் என்னும் ஜெர்மானிய நிறுவனம், உள்ளே நீள்புரிகளும் அவற்றைக் காக்க வெளியே பின்னிய உறையும் கொண்ட கயிற்றை அமைத்தது. இன்று மலையேறுவோர் கொண்டுசெல்வது அவ்வகையே.

இனி அறாத கயிறு கிடைத்துவிட்டது என்று உலகம் மகிழ்ந்திருந்த வேளையில், 1955 ஜனவரி 2 அன்று ஜப்பானின் மாயேஹோதாக்கா மலையில் ஓர் இளைஞர் வழுக்கினார். அவர் சரிந்தது ஒரு முழ அளவே. எட்டு மில்லிமீட்டர் தடிப்புள்ள புத்தம் புதிய நைலான் கயிறு பட்டென்று அறுந்தது. அதைவிடத் தடித்த மணிலாக் கயிற்றுக்கும் மேலான வலிமையுடையது என்று சொல்லி விற்கப்பட்ட கயிறு அது. மாண்டவரின் அண்ணன் தாமே சோதித்துப் பார்த்து, கூரிய பாறை விளிம்பில் நைலான் எளிதில் வெட்டுண்ணும் என்று கண்டார். அவ்வாண்டு ஏப்ரலில் பொதுமக்கள் முன்னிலையில் நடந்த சோதனையிலோ நைலான் அறவில்லை. மலையேறிய இளைஞர்களே கயிற்றைத் தவறாகக் கையாண்டார்கள் என்ற பழி எழுந்தது. அச்சோதனையில் பயன்பட்ட பாறையின் விளிம்பு முன்னதாகவே மழுக்கப்பட்டிருந்தது என்ற செய்தி பின்னரே வெளிவந்தது.

அண்ணன் ஓயவில்லை. இருபது ஆண்டுகள்! யாசுஷி இனோவே என்ற எழுத்தாளர் அந்நிகழ்ச்சியைத் தழுவி நாவலே எழுதினார். 1975இல் ஜப்பானிய அரசு மலையேற்றக் கயிறுகளுக்குப் பாதுகாப்பு அளவீடுகளை வகுத்தது. தம்பியை மீட்க இயலாத ஒருவர், தம்பியின் நற்பெயரையும் முன்பின் அறியாத பலரின் உயிரையும் மீட்டார்.

இன்றைய பன்னாட்டுச் சோதனை கடுமையானது. எண்பது கிலோ எடையைக் கயிற்றில் கட்டி, விளிம்பு வளைந்த இரும்பின் மேலாக மீண்டும் மீண்டும் விழச் செய்கின்றனர். ஐந்து வீழ்ச்சிகளையாவது தாங்கினால்தான் ஒற்றைக்கயிறு என்ற தகுதி. ஆயினும் அது புதுக்கயிற்றின் கணக்கு. வெயில் நைலானைச் சிறிது சிறிதாகத் தின்கிறது. புழுதி உறைக்குள் புகுந்து உள்ளிருந்தே அராவுகிறது. வண்டி பேட்டரியின் அமிலமோ, அதன் ஆவியோ பட்டால், பார்வைக்கு எந்த மாற்றமும் இன்றிக் கயிறு உளுத்துப்போகும். ஆலைகள் நிறைந்த நம் பகுதியில் உள்ளோர் இந்த ஒன்றையேனும் நினைவில் கொள்ளல் வேண்டும். ஒருமுறையும் பயன்படாமல் பெட்டியிலேயே கிடந்தாலும் பத்தாண்டுக்கு மேல் கயிற்றை நம்பலாகாது என்பதே உற்பத்தியாளர் பெரும்பாலோரின் கூற்று.

எடை குறைந்த கருவிகளுக்கும் ஒரு விலையுண்டு. மெல்லிய கயிற்றின் உறை விரைவில் தேயும். அண்மைக்காலத்தில் பரவியுள்ள டைனீமா என்னும் இழை, எடைக்கு எடை எஃகினும் வலியது. ஆனால் நீளாது, 150 பாகை செல்சியசு வெப்பம் எட்டுமுன்னே உருகத் தொடங்கும். நைலானோ 200 பாகைக்கு மேலும் உருகாது. இறங்கும்போது கயிறு உரசி எழும் சூட்டில் இவ்வேறுபாடு உயிர்ப்பிரச்சினையாகிவிடுகிறது. இலேசான பொருள் கேடானது என்று சொல்லவரவில்லை. அதன் வாழ்நாள் குறைவு என்பதை அறிந்து வாங்குவோர் எத்தனைபேர் என்பதே நம் கேள்வி.

நம் மண்ணிலும் கயிற்றில் தொங்கி உயிர் வளர்த்தோர் உண்டு. மலைத்தேன் எடுக்க ஏறிய மூங்கில் ஏணியை ‘மால்பு’ என்று சங்க நூல்கள் குறிக்கின்றன. கணுவே படியாகும் அவ்வேணிக்குக் கண்ணேணி என்றும் பெயர். நீலகிரியின் குறும்பர் காட்டுக்கொடிகளை முறுக்கி ஏணியாக்கிச் செங்குத்துப் பாறைகளில் இறங்குகின்றனர். ஆனைமலைக் காடரைப் பற்றி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதியோர் தரும் செய்தி இன்னும் ஆழமானது. தேனுக்காக இருளில் பாறையில் இறங்குபவர், பிரம்பு வளையங்களாலான சங்கிலியைத் தம் கையாலேயே செய்துகொள்ள வேண்டும். பிறர் செய்த ஒரு வளையத்தையும் அதில் கோக்கலாகாது. முதலில் மரத்தில் கட்டி இழுத்துச் சோதிப்பர். மேலே அதற்குக் காவலிருப்பது மனைவியோ மகனோ மட்டுமே. இதை மூடநம்பிக்கை என்று அவ்வெழுத்தாளர் ஒதுக்கினர். தொங்குபவரின் உயிரில் பங்குடையவர் மட்டுமே கயிற்றைத் தொடலாம் என்ற இவ்விதியைவிடச் சிறந்த பாதுகாப்பு விதி எந்த ஆலையில் எழுதி மாட்டப்பட்டிருக்கிறது?

தென்மாவட்டப் பனையேறிகளும் அப்படியே. காலில் மாட்டும் தளைநாரைப் பனையேறி தம் கையாலேயே முறுக்கிக்கொள்வார். தேய்ந்ததை அவர் பாதமே முதலில் அறியும். நம் வாசகர் பலரின் பாட்டனார் இத்தொழிலால் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்களே.

விவிலியத்தில் கயிற்றின் வழியே பிழைத்தோர் சிலர் உண்டு. எரிகோவின் மதிலிலிருந்து இராகாபு இறக்கிய ஒற்றரும், தமஸ்குவில் கூடையில் இறங்கிய பவுலும் நம் நினைவுக்கு எளிதில் வருவர். ஆனால் கயிற்றை முற்றும் அறிந்தவர் எபேது மெலேக்கே. சேற்றுக்குழியில் கிடந்த எரேமியாவைத் தூக்கச் சென்ற அந்த எத்தியோப்பியர், கயிறு மட்டும் கொண்டுபோகவில்லை. அரண்மனைக் களஞ்சியத்திலிருந்து கிழிந்த பழந்துணிகளையும் பொறுக்கிச் சென்றார். கயிறு அறுக்காதபடி அவற்றை அக்குளில் வைத்துக்கொள்ளுமாறு இறைவாக்கினரிடம் சொன்னார். கூரிய விளிம்பில் கயிற்றின் அடியில் துணி செருகும் இன்றைய மலையேறியின் வழக்கமும் அதுவே. கீழே இருப்பவரின் அக்குளை மேலே நின்றபடி நினைத்துப் பார்த்தவர் அவர்.

நான்காம் நாள் அவ்விளைஞர் மீண்டும் வந்தார். பட்டையில் தைத்திருந்த சீட்டைத் தேடினோம். ஐ.எஸ். 3521 என்னும் இந்தியத் தர எண்ணும், செய்த ஆண்டும் அதில் இருக்க வேண்டும். சீட்டு இருந்தது, எழுத்து எதுவும் இல்லை. இதைப் பூட்டிக்கொண்டு ஏறவேண்டாம், புதியது கேளுங்கள் என்றோம்.

“கேட்டா நாளைக்கு வேற ஆளைக் கூட்டிக்குவாங்க, சாமி” என்றார்.

மறுநாள் காலை நாமும் அவருடன் சென்றோம். மேஸ்திரி பணிவாகவே பேசினார். தாமும் இதே பட்டையில் ஏறியவர்தாம் என்றார். பட்டைகளை வாங்கித் தருபவர் யார் என்று கேட்டோம். ஒப்பந்தக்காரர் என்றார். அவர் ஏறுவாரா என்றோம். மேஸ்திரி சிரித்துவிட்டார். இரண்டு நாள் கழித்து இளைஞருக்குப் புதிய பட்டை வந்தது. அவரோடு கூரையேறும் நால்வரும் இன்னும் பழையவற்றையே பூட்டிக்கொள்கின்றனர். அவர்கள் நம் பங்கினர் அல்லர். இருவர் வடமாநிலத்தவர், தமிழ் அறியாதவர். வரும் திங்கட்கிழமை மீண்டும் செல்வதாக மேஸ்திரியிடம் சொல்லியிருக்கிறோம்.