காஜியாரும் மேல்முறையீடும்

தாமிரபரணிக் கரையின் மேலப்பாளையத்திலும் பேட்டையிலும், ஆறு கடலைச் சேரும் பகுதியை அடுத்த காயல்பட்டணத்திலும் நிக்காஹ் என்றவுடன் நம் நினைவுக்கு வருபவர் காஜியார். இன்று அவரைத் திருமணப் பதிவாளராகவே நாம் அறிவோம். முன்னாளில் அவர் நீதிபதி.

அந்நீதிபதிக்கும் கட்டுப்பாடு இருந்தது. ஹஸ்ரத் உமர் (ரலி) அவர்கள் அபூ மூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்களுக்கு வரைந்ததாக மரபு போற்றும் மடல், வழக்காளர் இருவரையும் சமமாக நோக்கவும், நேற்றைய தீர்ப்புப் பிழையெனத் தெரிந்தால் உண்மைக்குத் திரும்பவும் பணிக்கிறது.

ஆங்கிலேயர் 1864இல் காஜி நியமனத்தைக் கைவிட்டனர். திருமணங்களுக்குக் காஜி வேண்டும் என்ற சமுதாய வழக்கத்தை ஏற்று 1880இல் காஜிகள் சட்டம் வந்தது. நான்கே பிரிவுகள். தவறிழைக்கும் காஜியை அரசு நீக்கலாம். ஆயினும் நீதி வழங்கும் அதிகாரம் எதையும் இச்சட்டம் அவருக்கு அளிக்கவில்லை என்கிறது நான்காம் பிரிவு. ஆளைக் கண்காணிக்க வழி வைத்தார்கள். அவர் எழுதித் தரும் தலாக் சான்றைச் சீர்தூக்க வழி வைக்கவில்லை. நம் மக்களோ அச்சான்றைத் தீர்ப்பென்றே நம்பி வந்தனர். அது வெறும் கருத்தே எனச் சென்னை உயர் நீதிமன்றம் 2017 ஜனவரியில் கூறிய பிறகே பலர் விழித்தனர்.

காயல் வணிகர் தலைமுறை தலைமுறையாகச் சென்றுவந்த இலங்கையில் நிலைமை வேறு. அங்கே 'காதி' எனப்படும் அவர், 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டப்படி நீதிச்சேவை ஆணைக்குழுவால் நியமிக்கப்படுபவர். கணவன் தலாக் கூற நாடினால் முதலில் காதிக்கு அறிவிக்க வேண்டும். காதி உறவினரையும் ஊர்ப் பெரியோரையும் கூட்டி இணக்கம் காண முயலவேண்டும். முப்பது நாளில் அது கைகூடாவிடில் காதியின் முன், இரு சாட்சிகளோடு கூறவேண்டும். காதியின் முடிவில் குறை கண்டவர் காதிகள் சபைக்கு முறையிடலாம். இத்தனை இருந்தும் பெண்களின் முறையீடு ஓயவில்லை. 2009இல் அமைந்த மர்சூஃப் குழு அறிக்கை தர 2018 ஆயிற்று! ஏட்டில் உள்ள முறை வேறு, காதியின் அறையில் நடப்பது வேறு.

நம் நாட்டில் 1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டமும் முதலில் இணக்க முயற்சியை நீதிபதியின் கடமையாக்குகிறது. அவர் தீர்ப்பை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் ஆராய இடமளிக்கிறது. 2024 அக்டோபரில், நெல்லையிலிருந்து மேலே சென்ற ஒரு வழக்கில், மனைவி மறுக்கும் தலாக்கைக் கணவன் நீதிமன்றத்தில்தான் நிலைநாட்ட வேண்டும் என்று மதுரைக் கிளை தீர்ப்பளித்தது. அவ்வம்மையாருக்கு எதிராகக் காட்டப்பட்ட சான்று ஒரு தனியார் சபை எழுதித் தந்தது. அச்சபைக்கு மேல் முறையிட இடமேதும் இல்லை.